துதிக்கை வைத்த லை

அன்புள்ள மணி,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மருதமலைப் படி ஏறிவிட்டு வந்தாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். பேரன் பத்தாம் வகுப்பு, அதனால் வீட்டில் டிவி கிடையாது. மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கம் எங்கே பார்த்தாலும் தடுப்பு. மாட வீதிக்குப் போக ஊரைச் சுற்ற வேண்டியிருக்கிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். காலேஜ் படிக்கும்போது கைச்செலவுக்காகத் திருவல்லிக்கேணிக் கடைகளுக்கு நீ எழுதிக் கொடுத்த போர்டுகளில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். பைகிராஃப்ட்ஸ் ரோடு, பெல்ஸ் ரோடு, எல்லிஸ் ரோடு, பெரிய தெரு எல்லாம் நிதானமாக நடந்து பார்த்தேன். இது மணியின் கை என்று அடித்துச் சொல்லும்படி ஒன்றும் அகப்படவில்லை. நீதான் எதிலும் பெயர் போடுவதில்லையே! ஆனால் ஒரு பாத்திரக் கடையின் தகர போர்டு என்னை அரை மணி நேரம் நிறுத்திவைத்துவிட்டது.

நீல அடி, மஞ்சள் எழுத்து, பக்கத்தில் சிவப்பு நிழல். ‘சகாய விலையில் கிடைக்கும்’ என்பதில் லை பழைய லை, இப்போதைய ஐகாரக் குறிக்குப் பதிலாக முன்னால் யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு வைத்தது. அதற்குக் கீழே ‘பழைய பித்தளை எடுத்துக்கொள்ளப்படும்’. அந்த ளையும் அப்படியே. ஓரத்தில் ‘தந்தி’ என்று போட்டு ஒற்றை வார்த்தையில் ஒரு விலாசம், ஐந்து இலக்கத்தில் டெலிபோன் நம்பர், கடைசியில் மதராஸ்-5.

முப்பது வருஷத்துக்கு மேல் தபால் பிரித்தவனுக்கு மதராஸ்-5 என்றால் சும்மா விட முடியுமா? பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. அன்றைக்கு நம் 5தான் 600 005 ஆனது. மயிலாப்பூர் 4, ராயப்பேட்டை 14, தியாகராய நகர் 17 எல்லாம் அதே மாதிரி வாலில் போய் உட்கார்ந்துகொண்டன. அதற்காக இந்த போர்டு 72க்கு முந்தியது என்று முடிவு கட்டிவிட முடியாது. பின்கோடு வந்து வெகுகாலம் வரை ஜனங்கள் பழையபடிதான் விலாசம் எழுதினார்கள். அந்தக் கவர்கள் என் கை வழியாகப் போனவை.

எழுத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது 1978 அக்டோபரில். ணா, றா, னா, அப்புறம் ணை, லை, ளை, னை, அவற்றோடு ஒகர ஓகாரங்கள் ஆறு, ஆக 13 எழுத்துகள் உருமாறின. சென்னை, சாலை, அண்ணா என்று இந்த ஊர் போர்டுகளில் அதிகம் வருகிற சொற்களிலெல்லாம் அவை இருக்கின்றன. இதிலும் கவனம் தேவை. பெரியார் 1935லேயே ‘குடி அரசு’ இதழில் புது எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார். அவர் வழி நடந்தவர் கடையாக இருந்தால் அறுபதுகளிலேயே புது லை எழுதச் சொல்லியிருக்கலாம். கை பழகிய ஆர்டிஸ்ட்டுகள் ஆணைக்குப் பிறகும் துதிக்கையை விட்டிருக்க மாட்டார்கள். நீ எப்போது மாற்றிக்கொண்டாய்? அடுத்த கடிதத்தில் எழுது. உன்னைப் போன்றவர்கள் சொன்னால்தான் இது தெரியவரும்.

தந்தி, டெலிபோன், தபால் எண், எழுத்து ஆகிய நான்கையும் கூட்டிப் பார்த்து, எழுபதுகளின் முன்பாதி என்று குறித்துக்கொண்டேன். தந்தி சேவையே 2013 ஜூலையோடு முடிந்துபோயிற்று. டெலிபோன் நம்பர் ஆறாகி, ஏழாகி, முன்னால் ஒரு 2 சேர்ந்து எட்டாகிவிட்டது. ஒரு தகரத்தில் இவ்வளவு காலம் எழுதியிருக்கிறது மணி. நம் வயசுக்காரர்கள் போய்விட்டால் இதை வாசிக்க ஆள் இருக்காது. எனக்கு இருக்கிற கவலை இதுதான்.

பெயர்கள் மாறியதில் எனக்கு வருத்தம் இல்லை. பாரதி வாழ்ந்து மறைந்த பேட்டையில் பைகிராஃப்ட்ஸ் ரோடு பாரதி சாலை ஆனது நியாயம். லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலை ஆனதும் சரிதான். வாய்க்குத்தான் பழையது வருகிறது, அது தானாக மாறட்டும். பழைய பெயர் எழுதிய பலகையைச் சுரண்டி எறிவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. புதுப் பலகைக்கு அடியில் பழையதையும் விட்டுவைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? வீட்டு நம்பரில் அப்படித்தானே செய்கிறோம்? பழைய எண், புதிய எண் இரண்டையும் போடாத விலாசம் இந்த ஊரில் இன்றைக்கும் தபால்காரரைத் திண்டாடவைக்கும்.

அரசாங்கப் பெயர்கள் சில ஓசையில்லாமல் தங்கியிருக்கின்றன. பல்லவன் போக்குவரத்துக் கழகம் எம்.டி.சி. ஆகி எத்தனையோ காலம் ஆகிறது. தலைமை அலுவலகம் இன்னும் பல்லவன் சாலை, பல்லவன் இல்லம்தான். சென்ட்ரலுக்கு 2019ல் எம்.ஜி.ஆர். பெயர் வைத்தார்கள். டிக்கெட்டில் பார், எம்.ஏ.எஸ். என்ற மதராஸ் காலத்துக் குறியீடு அப்படியே இருக்கிறது. அசோக் நகர் உதயம் தியேட்டரை 2024ல் மூடிவிட்டார்கள். பஸ்ஸில் ‘உதயம் ஒண்ணு’ என்றுதான் இப்போதும் டிக்கெட் கேட்கிறார்கள்.

கடை போர்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கடைக்காரர் வேண்டாம் என்று நினைத்தால் அன்றோடு சரி. நான் பார்த்தவரையில் மிஞ்சியிருப்பவை எல்லாம் அப்பா உட்கார்ந்த கல்லாவில் பிள்ளை உட்கார்ந்திருக்கும் கடைகள். கை மாறிய கடையில் ஒரு வாரத்தில் பிளெக்ஸ் ஏறிவிடுகிறது. பிளெக்ஸ் இரண்டு வெயில் காலம் தாங்காது, உன்னைப் போன்றவர்கள் நூல் பிடித்துக் கோடு போட்டு எனாமலில் எழுதியது ஐம்பது வருஷம் நிற்கிறது. இதை உன்னைச் சந்தோஷப்படுத்தச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்துச் சொல்கிறேன்.

பாத்திரக் கடையில் இப்போது இருப்பது மூன்றாம் தலைமுறைப் பையன், நல்ல மாதிரி. தை பிறந்ததும் முகப்பை இடித்து விளக்கு வைத்த போர்டு போடப்போகிறானாம். பழையதைக் காயலான் கடைக்குப் போடாதே தம்பி, எனக்குச் சொல் என்று நம்பர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ‘தாத்தா போட்டது சார், கடைக்குள்ளேயே மாட்டிவிடுகிறேன்’ என்றான். எதற்கும் பொங்கல் கழித்து ஒரு நடை போய்ப் பார்ப்பேன். போட்டோ எடுத்து உன் மகன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். பெரிதாக்கி அந்தச் சிவப்பு நிழலைப் பார்த்து, யார் கையாக இருக்கும் என்று சொல்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

உன்,
சேகர்