ஈரப்பத விதியை விதைப்புக்கு முன்பே அறிவியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் சென்னையில் வசித்தாலும், மன்னார்குடி பக்கத்தில் என் அண்ணன் இன்னும் நெல் பயிரிட்டு வருவதால், கொள்முதல் குறித்த அரசின் முடிவுகள் எங்கள் குடும்பத்தை நேரடியாகத் தொடுகின்றன. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்பட்டால், குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வரும். வடகிழக்குப் பருவமழையும் அக்டோபரில்தான் தொடங்குகிறது. ஆனால், 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் உள்ள நெல்லை வாங்கக் கூடாது என்பது நாடு முழுமைக்குமான மத்திய அரசின் விதி. மழை கொட்டிய பிறகு மாநில அரசு தளர்வு கேட்டுக் கடிதம் எழுதி, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துச் சென்று, ஆணை பிறப்பதற்குள் களத்து நெல் முளைவிட்டு விடுகிறது. அண்ணன் ஒருமுறை ஒன்பது நாள், பகலில் நெல்லைச் சாலையில் கொட்டிக் கிளறுவதும் இரவில் தார்ப்பாய் போட்டு மூடுவதுமாகக் காத்திருந்தார். ஒவ்வொரு நாளும் கொள்முதல் நிலையத்தில் அவருக்குக் கிடைத்த பதில், "காய்ச்சல் பத்தாது" (நெல் போதிய அளவு காயவில்லை) என்பதே.

ஈர நெல் கிடங்கில் பூஞ்சை பிடிக்கும், அரைவையில் அரிசி குறையும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், ஆண்டுதோறும் வரும் மழையை எதிர்பாராத பேரிடர் போல நடத்துவது ஏன்? இந்திய உணவுக் கழகம் 1965-இல் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்ததே தஞ்சாவூரில்தான். இந்த மண்ணின் பருவம் அவர்களுக்குப் புதிதன்று. அக்டோபர் 1-இல் தொடங்கிவந்த கொள்முதல் பருவத்தை, தமிழகத்துக்காக 2022-இல் செப்டம்பர் 1-க்கு முன்னகர்த்த மத்திய அரசு இசைந்ததே, அதனால் முந்தி அறுத்தவர்கள் வியாபாரி சொன்ன விலைக்கே விற்க வேண்டிய நிலை மாறியதே! தேதியை மாற்ற முடிந்தவர்களால் ஈரப்பத வரம்பையும் மாற்ற முடியும்.

அரிசி ஏற்றுமதியிலும் இதே நிலைதான்; விதைத்த பிறகே முடிவு வருகிறது. 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அடுத்த மாதமே புழுங்கலரிசிக்கு 20 சதவீத வரி விதிக்கப்பட்டது. தடை 2024 செப்டம்பரில்தான் நீங்கியது. விலை கட்டுக்குள் இருந்தால் என் போன்ற நகரத்தாருக்கு நன்மைதான். அதற்கான சுமையை, வெளிச்சந்தை விலையை நம்பி நாற்று விட்டவர் தலையில் ஏற்றியது நியாயமில்லை. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தபோது, ஆலைகள் 26 கிலோ சிப்பம் போட்டுச் சமாளித்தன. விதைத்துவிட்ட விவசாயிக்கு அப்படியொரு வழி இல்லை.

எனவே, செப்டம்பர் முதல் நவம்பர் வரை டெல்டா மாவட்டங்களுக்கு 22 சதவீத ஈரப்பதத்தை நிலையான வரம்பாக்கி, அந்த ஆணையை மேட்டூர் திறப்புக்கு முன்பே வெளியிட வேண்டும். கொள்முதல் நிலையங்களில் உலர்த்தும் இயந்திரங்களையும் அறுவடைக்கு முன் நிறுவ வேண்டும் என்று மத்திய, மாநில அரசுகளைத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை.