ஜெராக்ஸ் கடை வரிசையில் நின்ற அக்காவுக்கு

நான் சொல்லச் சொல்ல, என் மகள் இதைத் தட்டச்சு செய்கிறாள்.

உயர் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் எனக்குப் பின்னால் நின்றீர்கள், அக்கா. என் கையில் வீட்டைக் காலி செய்யச் சொன்ன உத்தரவு. காசிமேட்டில் 11 வருடம் வாடகை கொடுத்த ஒற்றை அறை. மேல்முறையீடு உண்டு என்று தெரியும். ஆனால் கோர்ட் கட்டணம், வக்கீல் பீஸ் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, விட்டுவிடலாம் என்றிருந்தேன். மீன் கூடை சுமப்பவளிடம் அவ்வளவு பணம் ஏது?

நான் எதுவும் கேட்கவில்லை. நீங்களாகவே தாளை வாங்கி, முதலில் தேதியைப் பார்த்தீர்கள். "முப்பது நாளில் இருபத்திரண்டு போய்விட்டதே, தங்கச்சி!" அந்தப் பதற்றம் என் சொந்தக்காரர்கள் யாருக்கும் வரவில்லை.

பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அது, வக்கீலும் தருவார்கள், கோர்ட் கட்டணமும் உன் தலையில் விழாது என்றீர்கள். சொன்னதோடு நிற்காமல் சட்ட உதவி அலுவலகம் வரை கூடவே வந்து, முழங்காலில் வைத்து மனுவை நிரப்பினீர்கள். என் பஸ் டிக்கெட்டின் பின்னால் 15100 என்று உதவி எண்ணையும் எழுதித் தந்தீர்கள். அந்த டிக்கெட் இன்னும் சாமி படத்தின் பின்னால் இருக்கிறது.

28-ஆம் நாள் மேல்முறையீடு தாக்கலானது. வழக்கு நடக்கிறது, இடைக்காலத் தடை கிடைத்து, நாங்கள் அதே அறையில் இருக்கிறோம்.

ஜெராக்ஸுக்கு நீங்கள் கொடுத்த 14 ரூபாய் பாக்கி. காசிமேடு பக்கம் வாருங்கள், அக்கா. வஞ்சிரம் எடுத்து வைக்கிறேன்.