ஒப்பந்தம் முடியும் தேதியை எழுதித் தாருங்கள்: விளையாட்டு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஒன்றிய இளைஞர் நலன் மற்றும் விளையாட்டுத் துறை அமைச்சர், செயலர் ஆகியோருக்கு வணக்கம்.

தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர்களும், பல தற்காப்புக் கலைகளைக் கலந்து மோதும் எம்.எம்.ஏ. வீரர்களும், போட்டிகளை ஏற்பாடு செய்து நடத்தும் புரமோட்டர்களுடன் எப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் கையெழுத்திடுகிறார்கள் என்பது தாங்கள் அறிந்ததே. என்னிடம் குத்துச்சண்டை பயிலும் மாணவன் ஒருவனுக்குச் சென்ற வாரம் அவனுடைய புரமோட்டரிடமிருந்து வந்த கடிதம்தான் என்னை எழுத வைத்தது. அவனுடைய மூன்றாண்டு ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிந்திருக்க வேண்டும். இன்னும் 19 மாதங்கள் பாக்கி இருப்பதாக அந்தக் கடிதம் சொல்கிறது.

அந்த 19 மாதங்கள் வந்த வழியைத் தாங்கள் பொறுமையுடன் கேட்க வேண்டும். இரண்டாவது சண்டையின் நான்காம் சுற்றில் அவனுக்கு வலது கை எலும்பு முறிந்தது. புரமோட்டரின் மேடையில் முறிந்த கைக்கு அவர் மருத்துவச் செலவாக ஒரு ரூபாயும் தரவில்லை. ஆனால் கை தேறுவதற்கு ஆன 7 மாதங்களை ஒப்பந்தக் காலத்தோடு கூட்டிக்கொண்டார். பிறகு, எட்டே நாள் அவகாசத்தில், அவனைவிட இரண்டு எடைப் பிரிவு மேலே இருக்கும் ஒருவரோடு மோதச் சொன்னார்கள். வேண்டாம் என்று தடுத்தவன் நான். போட்டியை வீரர் மறுத்துவிட்டார் என்று எழுதி மேலும் 12 மாதங்களைச் சேர்த்தார்கள். அந்த ஓராண்டில் அவர்களும் ஒரு சண்டை தரவில்லை, வேறு மேடையில் ஏறவும் விடவில்லை. இன்று அவன் விடியற்காலை மூன்று மணிக்குக் காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கிவிட்டு ஆறரை மணிக்குப் பயிற்சிக்கு வருகிறான். முறிந்து சேர்ந்த கையால் பாரம் தூக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அந்தக் கூலியில்தான் அவன் வீட்டில் உலை கொதிக்கிறது.

ஒப்பந்தம் 22 பக்கங்கள், முழுவதும் ஆங்கிலத்தில். எடை பார்க்கும் அறையில் வைத்து, வரிசையில் நின்ற பையன்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். ஒரு வழக்கறிஞரிடம் காட்டலாம் என்று அப்போது எனக்குத் தோன்றாமல் போனது இன்றுவரை உறுத்துகிறது.

நீதிமன்றம் இருக்கிறதே என்று தாங்கள் சொல்லக்கூடும். சட்டபூர்வமான ஒரு தொழிலைச் செய்யவிடாமல் ஒருவரைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆவது பிரிவில் கூறுகிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் அவரைக் கட்டிவைக்க முயன்ற நிபந்தனை அந்தப் பிரிவின்படி செல்லாது என்றது. ஆனால் அந்தப் பாதுகாப்பு, ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகுதான் முழுமையாகக் கைகொடுக்கிறது. அதனால்தான் காலத்தை முடியவே விடாமல் நீட்டுகிறார்கள். எங்கள் கோரிக்கை இந்த ஓட்டையை அடைப்பதுதான்: ஒப்பந்தம் முடியும் நாள் தேதியாக எழுதப்பட வேண்டும், காயத்தின் பெயராலோ மறுப்பின் பெயராலோ அது தள்ளிப்போகக் கூடாது.

அமெரிக்காவில் முகமது அலியின் பெயரால் 2000-இல் வந்த சட்டம், ஒரு போட்டியால் தனக்கு வரும் தொகையையும் வீரரின் ஊதியத்தில் செய்யும் பிடித்தங்களையும் வீரருக்குத் தெரிவிக்காமல் புரமோட்டர் அந்தப் போட்டிக்கான பணத்தைப் பெற முடியாது என்கிறது. அந்தச் சட்டம் குத்துச்சண்டைக்கு மட்டுமே. அது எட்டாத எம்.எம்.ஏ. வீரர்கள், வேறு மேடையில் ஏறவிடாமல் நீண்டுகொண்டே போகும் பிரத்தியேக ஒப்பந்தங்களை எதிர்த்து 2014-இல் யு.எஃப்.சி. என்ற எம்.எம்.ஏ. போட்டி நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள், 37.5 கோடி டாலர் இழப்பீட்டுச் சமரசத்துக்கு நீதிமன்றம் இறுதி ஒப்புதல் தந்தது 2025-இல். என் மாணவனுக்கு வயது 24. பத்தாண்டு வழக்காடி வென்றாலும் அவன் ஏற மேடை இருக்காது.

2025-இல் தாங்கள் கொண்டுவந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் கூட்டமைப்புகளையும் தேர்தல்களையும் பற்றிப் பேசுகிறது. தனியார் புரமோட்டரிடம் கையெழுத்திட்டவனின் ஒப்பந்தத்துக்கு அதில் வரையறை இல்லை. பதக்கத்தோடு இறங்குபவரை வரவேற்க விமான நிலையத்தில் மாலையுடன் காத்திருக்கிறோம். கையை முறித்துக்கொண்டு இறங்குபவனை யார் அழைத்துப் போகிறார்கள்? தலைமுறை தலைமுறையாகக் குத்துச்சண்டை வீரர்களைத் தந்துவரும் வடசென்னையில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத தாய் இல்லை.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். ஒப்பந்தம் முடியும் தேதி உறுதியாக எழுதப்படவும், வீரரின் தாய்மொழியில் ஒரு படி கையெழுத்துக்குப் பதினைந்து நாள் முன்பே தரப்படவும், மேடையில் பட்ட காயத்தின் செலவைப் புரமோட்டரே ஏற்கவும் விதிகள் வகுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இவற்றில் ஒன்றைத்தான் உடனே செய்ய இயலும் என்றால், அந்தத் தேதியை முதலில் செய்து தாருங்கள்.

இப்படிக்கு,
வடசென்னைக் குத்துச்சண்டைப் பயிற்சியாளர் ஒருவர்