பயிற்றுநர் வகுப்பெடுத்துக் காட்டட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈராசிரியர் பள்ளியொன்றில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் தொடங்கியது முதல் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சிக்குக் குறைவில்லை. வட்டார அளவில் கூட்டுகிறார்கள், கையேடு தருகிறார்கள், பாட்டும் ஆட்டமும் சொல்லித் தருகிறார்கள். நல்லதுதான். பள்ளிக்குத் திரும்பிய பிறகு அந்த ஆசிரியைக்குத் துணை யார்?

பிள்ளைகள் தாமே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் முறை வந்த புதிதில், பள்ளிகளுக்குப் போய் ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர் எங்கள் பள்ளிக்கு வருவார். வந்ததும் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்துவிடுவார். ஒருமுறை மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி 42-இல் 17 போக 35 என்று எழுதியிருந்தாள். அவர் தவறு போடவில்லை. "எப்படிம்மா போட்டே?" என்றார். "ஏழுல ரெண்டு போனா அஞ்சு, நாலுல ஒண்ணு போனா மூணு." மேலே கீழே பார்க்காமல் பெரியதில் சின்னதைக் கழிப்பது பிள்ளைகள் பலரும் செய்வதுதான். நாலு பத்துக் கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் கொடுத்து, பதினேழு எடுக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் விழித்தவள், தானே ஒரு கட்டைப் பிரித்தாள். பள்ளி விட்டபின் அந்த ஒரு கணக்கைப் பற்றியே வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

இப்போது வரும் பயிற்றுநர்களை நான் குறை சொல்லவில்லை. பிள்ளைகளின் கற்றல் நிலைகளான அரும்பு, மொட்டு, மலர் ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று பார்த்துச் செயலியில் ஏற்றுவதற்குள் அடுத்த பள்ளிக்கு நேரமாகிவிடுகிறது. அவர்களில் ஒன்றாம் வகுப்பு எடுத்தே பார்க்காதவர்களும் உண்டு. சந்தேகம் கேட்டால் அறிக்கையில் ஏறிவிடுமோ என்று ஆசிரியைகளுக்குப் பயம் வேறு.

தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. நம் மாநிலம் அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. அந்தச் சண்டை ஒருபுறம் இருக்கட்டும். மணிக்கணக்கை மட்டும் கூட்டினால் எங்களைப் போன்ற பள்ளிகளுக்குச் சிக்கல்தான். ஒருவர் பயிற்சிக்குப் போனால், இன்னொருவர் ஐந்து வகுப்பையும் சேர்த்து உட்காரவைத்து நாளைத் தள்ள வேண்டும்.

பயிற்றுநர்களைப் புள்ளிவிவர வேலையிலிருந்து விடுவித்து, ஆளுக்குச் சில பள்ளிகளை மட்டும் ஆண்டு முழுதும் ஒப்படைக்கலாம். தொடக்கப்பள்ளியில் அனுபவப்பட்ட இடைநிலை ஆசிரியர்களையும் இந்தப் பணிக்கு எடுக்கலாம். வருபவர் ஒரு பாடவேளை வகுப்பெடுத்துக் காட்டட்டும், அடுத்த பாடவேளை ஆசிரியை எடுப்பதைப் பார்க்கட்டும். மாலையில் இருவரும் பேசுவது எந்த அறிக்கைக்கும் போகக் கூடாது. பள்ளிக் கல்வித் துறை இதை ஒரு மாவட்டத்திலாவது செய்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
திண்டுக்கல் மாவட்டம்.