மொட்டை மாடி சோலார்: சனிக்கிழமை கூடுவோம்

எல்லாருக்கும் வணக்கம்.

சோலார் போட்டால் வீட்டுக்கு 2,800 டாலர் வரை அரசாங்கம் தரும் என்று இங்கே சுற்றும் செய்தி, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துடையது. அங்கே 5 முதல் 50 வீடுகள் உள்ள கட்டடங்களுக்கு அறிவித்த உதவித்தொகை அது, ஒரு கட்டடத்துக்கு மொத்தம் 140,000 டாலர் வரை. சிங்கப்பூரில் இருக்கும் நம் கொண்டோவுக்கு (தனியார் அடுக்குமாடிக்கு) அதில் ஒரு காசும் வராது. மேற்கொண்டு அனுப்ப வேண்டாம், ப்ளீஸ்.

யோசனை என்னவோ நல்லதுதான். இங்கே வீவக (அரசாங்க அடுக்குமாடி) புளோக்குகளில் ‘சோலார்நோவா’ என்ற அரசாங்கத் திட்டத்தில் சோலார் நிறுவனமே முதல் போட்டுத் தகடுகளைப் பொருத்துகிறது. புளோக்கைப் பராமரிக்கும் நகர மன்றம் அந்த மின்சாரத்துக்கு மட்டும் பணம் கட்டுகிறது. மின்தூக்கியும் தண்ணீர்ப் பம்பும் பகலில் அதில் ஓடுகின்றன. அப்படி நமக்கும் கிடைக்குமா என்று பேசத்தான் இந்தக் கூட்டம்.

வரும் சனிக்கிழமை மாலை 5 மணி, நீச்சல் குளம் பக்கத்து அறை.

1. வருகிறீர்களா என்று வியாழன் இரவுக்குள் வீட்டு எண்ணோடு பதில் போடுங்கள்.
2. மேல் மாடிக்காரர்கள் கூரை ஒழுகும் இடத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். தகடு ஏறினால் 20, 25 ஆண்டு அங்கேயே கிடக்கும். ஒழுகலை முதலில் அடைக்க வேண்டும்.
3. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் வைக்கக் கையெழுத்து தேவை. உரிமையாளர்கள் மட்டும், வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

வடையும் டீயும் உண்டு.