டப்பாவைத் திறந்து கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய படச்சுருள்களைச் சேகரிப்பவர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அரிய மௌனக் காதல் படங்களுக்கு இருக்கும் கிராக்கியை ‘கிடைக்காத பொருள்மேல் வரும் ஆசை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. கிடைக்காத படங்களுக்கா பஞ்சம்? அமெரிக்காவில் எடுத்த முழுநீள மௌனப் படங்களில் சுமார் 70 சதவீதம் அடியோடு தொலைந்துவிட்டதாக, அந்நாட்டு நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகம் 2013-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அரிது என்பதற்காக மட்டும் ஒரு படத்தை யாரும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க மாட்டார்கள்.

விஷயம் முகத்தில் இருக்கிறது. ‘போகாதே’ என்பதைக் கண்ணும் கையும்தான் சொல்லியாக வேண்டும். 1928-ல் வந்த ‘தி டிவைன் உமன்’ படத்தில் முழுதாக மிஞ்சியது ஒரே ஒரு ரீல். மாஸ்கோ திரைப்படக் காப்பகத்தில் கிடைத்தது, ஒன்பது நிமிடம் ஓடும். கதையின் முன்பகுதியும் பின்பகுதியும் இல்லை. ஆனாலும் நாயகி கிரேட்டா கார்போ காதலனை விடாமல் கட்டிக்கொள்ளும்போது, மீதிக் கதை எங்கே என்று கேட்கத் தோன்றுவதில்லை.

அப்புறம் ‘பியாண்ட் த ராக்ஸ்’ (1922). குளோரியா ஸ்வான்சனும் ரூடால்ஃப் வாலன்டினோவும் சேர்ந்து நடித்த ஒரே படம். போனது போனதுதான் என்று எல்லோரும் கைகழுவியிருந்தபோது, நெதர்லாந்தில் காலமான ஒரு சேகரிப்பாளரின் டப்பாக் குவியலில் 2003-ல் அகப்பட்டது. 1983 வரை வாழ்ந்த ஸ்வான்சனுக்கு அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. கதை ஒன்றும் பிரமாதமில்லை: வயதான பணக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள் ஒரு பிரபுமேல் ஆசைப்படுகிறாள், அவ்வளவுதான். (அந்தக் காலத்துக்கே அது பழைய கதை.) ஆனால் ஃபிலிம் அரித்துப்போன இடங்களில் காட்சி கொப்பளித்துக் கலங்கி, மறுபடி அந்த இரண்டு முகங்களும் தெளியும்போது நமக்குப் பதறுகிறது. புதுப் பிரிண்ட்டில் அந்தப் பதற்றம் வராது.

சேகரிப்பாளர்களிடமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ‘உலகிலேயே என்னிடம் மட்டும்’ என்ற பெருமைக்காகச் சிலர் டப்பாவைத் திறப்பதே இல்லை. அந்தக் காலப் படங்கள் பதிவான நைட்ரேட் ஃபிலிம் யாருடைய பெருமைக்காகவும் காத்திருக்காது. படம் மங்கும், சுருள் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும், கடைசியில் பழுப்புப் பொடிதான் மிஞ்சும். தீப்பிடித்தாலோ தண்ணீருக்கும் அடங்காது. காப்பகத்தில் கொடுத்து நகல் எடுக்கவிட்டால் அவர்கள் பெருமை என்ன குறைந்துவிடும்?

கட்டுரையாளர் இதைப் பற்றி மறுபடி எழுதுவதாக இருந்தால், ஏல விலைகளை விட்டுவிட்டு இந்த நகல் எடுக்கும் வேலையைப் பற்றி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்