மைனஸ் 12 வோல்ட் கேட்ட மகளுக்கு

செங்கோட்டை

அன்புள்ள மகளுக்கு,

பேட்டரியில் ஓடப்போகும் உன் மைக் மிக்சருக்கு, கிரவுண்டுக்குக் கீழே மைனஸ் 12 வோல்ட் எடுக்க எந்த ரெகுலேட்டர் ஐசியை வாங்குவது என்று கேட்டிருந்தாய். கொச்சியில் உன்னைச் சுற்றி இத்தனை இன்ஜினியர்கள் இருக்க, மைக் செட் கடையில் காயில் சுற்றிக்கொண்டிருக்கும் அம்மாவிடம் கேட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

நீ அனுப்பிய பட்டியலில் முதலில் இருக்கும் ஐசிஎல் 7660-ஐ அடித்துவிடு. ஒரு கெப்பாசிட்டரை நிரப்பித் தலைகீழாகத் திருப்பிக் கொட்டுவதுதான் அதன் வேலை. 10 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, 20 மில்லி ஆம்பியர் கேட்டாலே தளர்ந்துவிடும். உன் போர்டில் ஒலியைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் ஐசியான 5532 பதினாறு இருக்கின்றன. ஒவ்வொன்றும் சும்மா இருக்கும்போதே சுமார் 8 மில்லி ஆம்பியர் எடுக்கும், சில 16 வரையிலும் போகும். ஆகவே 300 மில்லி ஆம்பியர் என்று வைத்துக் கணக்குப் போடு. எம்சி 34063 இதைத் தந்துவிடும் என்றாலும், சுமை குறையும்போது அது விட்டுவிட்டு ஓடும். அந்த விட்டுவிட்டு ஓடும் சத்தம் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் இறங்கி வரக்கூடும் என்பதால் மைக் வேலைக்கு எனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை.

மிஞ்சுவது எல்எம் 2596. அதன் டேட்டா ஷீட்டில் 40 வோல்ட், 3 ஆம்பியர் என்று முதல் பக்கத்திலேயே இருப்பதைப் பார்த்து, 300 மில்லி ஆம்பியருக்கு இது எதற்கு என்று நீ எழுதியிருக்கிறாய். அந்த இரண்டு எண்களும் வோல்ட்டைக் குறைக்கும் வழக்கமான இணைப்புக்கு உரியவை. மைனஸ் எடுக்கும்போது ஐசியின் கிரவுண்டு கால் மைனஸ் 12-இல் போய் உட்காருகிறது. அதனால் சார்ஜ் ஏறும்போது 14.4 வோல்ட்டில் நிற்கும் பேட்டரி, ஐசியின் கண்ணுக்கு 26.4 வோல்ட்டாகத் தெரியும். டையோடுக்கும் இதே கணக்குத்தான், 60 வோல்ட் ஷாட்கி வகையாகப் போடு. நாளைக்கு யாராவது 24 வோல்ட் அடாப்டரைச் செருகினால் 36 ஆகிவிடும், 40 வோல்ட் எல்லைக்குள் வோல்ட் திடீரென்று துள்ளினால் தாங்க அதிக இடம் இருக்காது. வெளியே எடுக்க முடிந்த கரண்டோ 3 ஆம்பியரைவிடச் சுருங்குகிறது, காயிலில் அதைவிட அதிகம் ஓட வேண்டியிருப்பதால். பேட்டரி 10.5 வோல்ட்டுக்கு இறங்கும்போது காயிலில் ஓடும் சராசரி கரண்ட், வெளியே போவதைப்போல் 2.14 மடங்கு, அதாவது 0.64 ஆம்பியர், 100 மைக்ரோ ஹென்றி காயிலில் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தால் உச்சி 0.83-ஐத் தொடும். உன் யோசனைப்படி 5 வோல்ட்டிலிருந்து எடுத்தால் அந்த மடங்கு 3.4 ஆகிவிடும், ஆகவே பேட்டரியிலிருந்தே நேராக எடு.

இதையெல்லாம் சரியாகக் கணக்கிட்ட பிறகும் நான் ஒருமுறை ஏமாந்தேன். ஆரியங்காவில் ஒரு கோயில் விழாவுக்கு முந்தின இரவு, எல்எம் 2596-க்கு முந்தைய ஐசியான 2576 போட்ட மிக்சரை மூடி ஸ்விட்சைப் போட்டதும் மைனஸ் பக்கம் பூஜ்யம், காயிலிலிருந்து எனாமல் கருகும் வாடை. ஐசி சூடேறித் தானே அணையும், ஆறியதும் மறுபடி முயலும். மூடியைக் கழற்றிப் போர்டை வெளியே எடுத்து வைத்தால் ஒழுங்காக 12 வோல்ட் காட்டியது! இரண்டு மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது: ஐசியின் முதுகுத் தகடு உள்ளே கிரவுண்டு காலோடு சேர்ந்தது, அந்தக் காலோ இங்கே மைனஸ் 12. அதைக் கிரவுண்டில் சேர்ந்திருக்கும் அலுமினியப் பெட்டியோடு திருகி நானே ஷார்ட் செய்திருக்கிறேன். நடுவில் மின்சாரம் கடத்தாத மைக்கா ஷீட்டும் திருகுக்கு அதேபோல் கடத்தாத புஷ்ஷும் வைத்த பிறகுதான் தூங்கப் போனேன்.

ஆன்-ஆஃப் காலையும் இதேபோல் ஐசியின் கிரவுண்டு காலில்தான் சேர்க்க வேண்டும். போர்டு கிரவுண்டில் வைத்தால் மைனஸ் 1.3 வோல்ட் பக்கம் வந்ததுமே அது தன்னை அணைத்துக்கொள்ளும். வெளியீட்டுக் கெப்பாசிட்டரின் பிளஸ் கால் கிரவுண்டுக்கு. பழக்கத்தில் மாற்றிப் போட்டால் வெடிக்கும். உள்ளீட்டில் ஒரு கெப்பாசிட்டர் ஐசியின் இன் காலிலிருந்து அதன் கிரவுண்டு காலுக்கு நேராக, கால் நீளம் குறைவாக இருக்க வேண்டும். மிச்சமிருக்கும் 150 கிலோ ஹெர்ட்ஸ் இரைச்சலுக்கு, ஆப்-ஆம்புக்கு முன்னால் 10 மைக்ரோ ஹென்றி காயிலும் 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் போதும்.

பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் கிடைக்கும் மஞ்சள்-வெள்ளை வளையத்தில் காயில் சுற்றாதே, இந்த வேகத்தில் அது கூடுதலாகச் சூடாகும். பச்சை-நீல வளையத்தில் 100 மைக்ரோ ஹென்றியில் இரண்டு சுற்றி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை கொல்லம் போகும் நம் பக்கத்துக் கடைக்காரரிடம் அவற்றையும், இரண்டு மைக்கா துண்டையும், புஷ்ஷையும் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா